தாடை வரைக்கும் தண்ணீர்

முப்பத்திரண்டு டிகிரி. இன்னொரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் முப்பதுக்கு இறங்கிவிடும், டாக்டர் சொன்னதும் முப்பதுதான், ஆனால் இந்தக் குளியலறை ஜன்னலின் கண்ணாடி உடைந்து ஒரு வருஷமாகிறது, தம்பி சந்திரமோகன் அதில் ஒரு அட்டையை வெட்டி ஒட்டியதோடு தன் கடமை முடிந்ததென்று போய்விட்டான், மாசி மாதத்துக் காற்று அந்த அட்டையின் ஓரத்தைப் பிராண்டிப் பிராண்டி உள்ளே வந்துகொண்டிருக்கிறது, பாதி நேரத்திலேயே தண்ணீர் ஆறிப்போகும், அதனால் முப்பத்திரண்டே இருக்கட்டும் என்று துளசிமணி சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். துணி ஊறவைக்கும் நீல டப். அதில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். மேஸ்திரியை இரண்டு கையாலும் அள்ளி அதில் இறக்கினாள். இரண்டு கிலோ இருநூறு. ஆமைக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவள் அவள்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஷார்ஜாவில், அவன் உள்ளங்கை அகலம் இருந்தபோது, அறையின் நான்கு சுவரோரமும் நாளைக்கு நாலு தடவை நடந்து, டைல்ஸ் ஒட்டியது சரிதானா என்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததால். இப்போது அவன் எதையும் பார்க்கவில்லை. தலை பாதி உள்ளே, பாதி வெளியே. தண்ணீர் தாடை வரைக்கும் வரவேண்டும், மூக்குக்கு வரக்கூடாது, தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் இருப்பது ஒரு நெல் அகலம், அந்த நெல் அகலத்தைத்தான் நாலு நாளாக அவள் குத்துக்காலிட்டுக் காவல் காக்கிறாள். மணி பத்து பத்து. பத்து நாற்பது வரைக்கும் இப்படியே உட்கார வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள அது யூரின் போயாகணும் மேடம், போகலைன்னா திங்கட்கிழமை காலைல கொண்டு வந்துருங்க, அடி ஓட்டை அறுத்துத்தான் உள்ள இருக்கிற கட்டியை எடுக்கணும், பிழைக்கிறது பாதிக்குப் பாதி" என்று கோயமுத்தூர் டாக்டர் புதன்கிழமை சொன்னார். சின்னப் பையன், காதில் கடுக்கன், அறுப்பதை அவ்வளவு சுலபமாகச் சொன்னான். அதற்கு முன்னால் அவன் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. அது இப்போது வேண்டாம்.

இருபத்தொரு வருஷம் அடுத்தவர் மூத்திரத்தைப் பார்த்துச் சம்பாதித்தவள் துளசிமணி. ஷார்ஜாவில் ஆஸ்பத்திரி லேப், போன வருஷம்தான் வேலையை விட்டு மேஸ்திரியோடு ஊருக்கு வந்தாள். காலை ஏழு மணிக்கு வரிசையாக வந்து உட்காரும் சின்னச் சின்ன டப்பாக்கள், பெயரும் வயதும் ஒட்டி, சிலது வெதுவெதுப்பாக, அரபிகளுடையது, மலையாளிகளுடையது, பங்களாதேசத்துக் கொத்தனார்களுடையது. வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லாத கொத்தனார்களுடையது கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கும். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் உப்புகள் ஊசி ஊசியாக, வைரம் வைரமாகக் கிடக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டருக்கு எழுதி அனுப்புவாள். எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாள். எழுதிய கை இதுதான். இந்தக் கைக்குத் தன் அறையில் நடந்து திரிந்த ஒன்றின் மூத்திரத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று எங்கேயோ ஒரு குரல் ஆரம்பித்தது, அதை அவள் உடனே சசிரேகாவின் பக்கம் திருப்பிவிட்டாள். இப்போதெல்லாம் எது ஆரம்பித்தாலும் சசிரேகாவின் பக்கம் திருப்பிவிடுகிறாள், வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி மடை மாற்றுவதுபோல அது அவளுக்குக் கைவந்துவிட்டது.

சசிரேகா, தம்பி பெண்டாட்டி. எண்ணெய் தேய்த்தவள். இரண்டு சனிக்கிழமைக்கு முன்பு துளசிமணி கரூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள், போன இடத்தில் ஒன்றுவிட்ட சித்தி ஒருத்தி பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரவைத்து, "ஏன் அம்மிணி, இனிமேலாச்சும் ஒரு தொணை பாத்துக்கலாமல்ல, ஆமயக் கட்டிக்கிட்டு அழுவறயாமே" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி கேட்டாள். யார் சொல்லியிருப்பார்கள், சசிரேகாதான் சொல்லியிருப்பாள். பாயசத்துக்கு உட்காராமல் பஸ் ஏறித் திருப்பூருக்கு மத்தியானமே வந்து இறங்கியபோது வாசலிலேயே சாம்பிராணி வாசனை. பேய் மழை பெய்தாலும் வெள்ளிக்கிழமைதான் இந்த வீட்டில் சாம்பிராணி, சனிக்கிழமை எதற்கு என்று நினைத்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனால், சசிரேகா முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய துண்டு விரித்து, துண்டின் மேல் மேஸ்திரி, ஓடு புதுத் தவலை மாதிரி பளபளவென்று, கீழே தூபக்கால் புகைந்துகொண்டிருக்கிறது, அவள் துண்டோடு அவனைத் தூக்கிப் புகைக்கு இப்படியும் அப்படியும் காட்டிக்கொண்டிருக்கிறாள், பிள்ளைக்குத் தலை உலர்த்துவதுபோல. "ஏனுங் நங்கையா, சாயங்காலந்தான வர்றதாச் சொன்னீங்க" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனின் அக்காவை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள், கூப்பிடும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். "உங்க ஆமைக்கு எண்ணெ வெச்சு உட்டேனுங். ஓடு பாருங், காஞ்ச வரட்டியாட்டம் மொரமொரன்னு கெடந்துச்சு. ஆம்பளையாளுக்குச் சனிக்கிழமதானுங்களே. நல்லெண்ணெதானுங், ரெண்டு மொளகு போட்டுக் காய்ச்சி, சூடு ஆறினப்பறந்தான் தேச்சேன். சீயக்கா கண்ணுல படவேயில்லீங்." துளசிமணி அவனைத் துண்டோடு பிடுங்கிக்கொண்டு மாடியேறினாள். பிடுங்கியபோது மேஸ்திரியின் மூக்கில் ஒரு குமிழி இருந்தது. இருந்ததா. இருந்தது. அதற்கு முன்னாலும் இருந்திருக்கலாமே என்றால், இல்லை, அன்றைக்குத்தான் பார்த்தாள், பார்த்த அன்றைக்குத்தான் அது இருந்தது.

பத்து பதினாறு. தண்ணீர் முப்பத்தொன்று. அசையவில்லை. தண்ணீரை விரலால் லேசாக ஓட்டின் மேல் வார்த்தாள். நாலு நாளாக இந்த ஓட்டைப் பார்த்துப் பார்த்து அதிலிருக்கிற மேடுகள் கண்ணை மூடினாலும் தெரிகின்றன, பதின்மூன்று மேடு, ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கோபுரம், படிப்படியாக, பழுப்பும் மஞ்சளுமாக. அழகாக இருக்கிறதென்று ஷார்ஜாவில் எத்தனை பேர் படம் எடுத்தார்கள். அந்த மேட்டைத் தொட்டுத்தான் டாக்டர் அந்த வாக்கியத்தை ஆரம்பித்தான், மேடம் இங்க பாருங்க, என்று. வேண்டாம். பெண் பார்க்க வந்தவர்களை நினைத்துக்கொள்ளலாம், அதில் கோபம் நன்றாக எரியும். தை மாதம், தாராபுரத்துக்காரர்கள், மிருதுளாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மிருதுளா தம்பியின் ஒரே பெண், இன்ஜினியரிங் முடித்தவள், யார் முன்னாலும் காலைத் தொட்டுக் கும்பிடமாட்டேன் என்று முந்தின நாள் முழுக்கச் சண்டை போட்டவள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அத்தை அப்போதுதான் காப்பி டம்ளரை வாயில் வைத்திருந்தாள், மேஸ்திரி எங்கிருந்தோ வந்து கூடத்தின் நடுவில் அவன் பாட்டுக்கு நடந்தான், டைல்ஸைப் பார்த்துக்கொண்டு. காலையில் வெயிலுக்காகக் கீழ்வாசலில் விட்டவள் துளசிமணிதான், அவள் விட்ட இடத்திலேயே நிற்பதற்கு அவன் என்ன அம்மிக்கல்லா. அத்தை இரண்டு காலையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஆமை பூந்த வூடும்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, காப்பியைக் குடித்தாள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பழமொழியின் மீதி இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து ஜாதகத்தை இன்னொருக்கா பாக்கோணும் என்று சொல்லி அனுப்பினார்கள், அவ்வளவுதான். அவர்கள் வந்துபோன அன்றைக்குச் சசிரேகா இவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உங்களால்தான் என் மகள் சம்பந்தம் போச்சு என்று முற்றத்தில் நின்று கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள், இரண்டு பேரும் கத்தி ஓய்ந்து சோறு தின்றிருக்கலாம். அவளோ, அந்த மாப்பிள்ளையின் அத்தை குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "பாவமுங், அதுக்கு என்ன தெரியும்" என்றாள். பாவம் என்கிற வார்த்தையைச் சசிரேகா சொல்லும்போது, யாரைச் சொல்கிறாள் என்று ஒருபோதும் தெரியாது.

அதனால்தான் எண்ணெய். மகள் சம்பந்தம் கெட்டது தையில், எண்ணெய் தேய்த்தது மாசியில். கணக்குச் சரியாக வருகிறது. கொல்ல நினைத்தாளா. கொல்ல நினைப்பவள் மிளகு போட்டுக் காய்ச்சுவாளா, சூடு ஆறும்வரை காத்திருப்பாளா, ஆண்பிள்ளைக்குச் சனிக்கிழமை என்று நாள் பார்ப்பாளா. ஏன் பார்க்கமாட்டாள், அதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம், நாளைக்கு யாராவது கேட்டால் நம்ம வீட்டு சீவனாச்சேன்னு பண்ணினேன் என்று சொல்ல ஒரு வழி. இல்லை, அவள் நிஜமாகவே பாசத்தில்தான் பண்ணினாள். அப்படியானால் அது இன்னும் மோசம், பாசத்தில் பண்ணியவளை எப்படி வெறுப்பது, வெறுக்காவிட்டால் இந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது. நாலு நாளாகத் துளசிமணி அவளை வாங்க போங்க என்றுதான் பேசுகிறாள். இருபத்துமூன்று வருஷம் நீ, வா, போ, கண்ணு என்று பேசியவள். மரியாதையைக் கூட்டினால் அடி பலமாக விழும் என்று இந்த ஊர்க்காரிக்குச் சொல்லித்தரவா வேண்டும். "குண்டாவை அங்க வெச்சுட்டுப் போங்க." "ரொம்பச் சிரமப்படாதீங்க." ஒவ்வொரு ங்க-வுக்கும் சசிரேகாவின் முகம் ஒரு துளி சுருங்குவதைப் பார்க்கும்போது அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி, வெயிலில் நடந்து வந்து பானைத் தண்ணீரைக் குடித்தால் இறங்குமே, அப்படி.

மாடியில் அடுப்பு கிடையாது, கெய்சர் காயில் போய் இரண்டு மாதமாகிறது. சுடுதண்ணீர் கீழேயிருந்துதான் வரவேண்டும். முதல் நாள் வியாழக்கிழமை காலையில் சசிரேகாவே, "நான் கொண்டாறேனுங், நீங்க அதும்பக்கத்துல இருங்" என்று ஆரம்பித்தாள். மொபெட்டிலிருந்து விழுந்து முட்டி பிசகியவள், பெல்ட் போட்டுக்கொண்டு நடப்பவள், ஒரு காலை வைத்து மறு காலைப் பக்கத்தில் சேர்த்து, சேர்த்து, பத்தொன்பது படி, இரண்டு கையிலும் துணி சுற்றிய குண்டா. வேண்டாம் என்று துளசிமணி சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தானே இறங்கியிருக்கலாம், இவள் காலில் ஒரு குறையும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தக் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டக், சர். டக், சர். ஒவ்வொரு படிக்கும் ஒரு தப்படி. ஏறட்டும். எண்ணெய் தேய்த்த கைதானே, சுமக்கட்டும்.

"நங்கையா." கதவுக்கு வெளியே. எப்போது வந்தாள். யோசனையில் காலடி கேட்கவில்லை. "இன்னொரு போசி சுடுதண்ணி கொண்டாந்திருக்கேனுங், ஆறிப்போச்சுன்னா ஊத்திக்கங்க."

"வாசல்ல வெச்சிருங்க."

"உள்ள வெக்கட்டுங்களா?"

"கதவைத் தொறந்தா காத்து வரும். தலையை உள்ள இழுத்துக்குவான்."

"சரிங்." பாத்திரம் தரையில் உட்கார்ந்த சத்தம். போகவில்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது. "தண்ணி குடிச்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"சுப்பிரமணியருக்கு வேண்டியிருக்கேனுங். ஒரு சொட்டு ஒண்ணுக்குப் போயிருச்சுன்னா சென்னிமலைக்கு வர்றேன்னு. அவரு ஆமைக்கெல்லாம் பாப்பாரான்னு இவரு சிரிக்கறாரு."

கீழேயிருந்து தம்பியின் குரல் மேலே வந்தது. "சசி, அந்த ஆமைக்கு ஊத்தற சுடுதண்ணில பாதி எனக்கு ஊத்துனாக்கூட நான் குளிச்சுப்போட்டுக் கடைக்குப் போயிருவேன். அக்கா, மேஸ்திரியோட ஷிப்ட்டு எப்ப முடியுதுன்னு கேட்டுச் சொல்லு."

"நீங்க சும்மா இருங்" என்றாள் சசிரேகா கீழே பார்த்து. அவள் குரலில் ஒரு சிரிப்பு இருந்ததா. இருந்தால் அது எந்தச் சிரிப்பு. சென்னிமலை, ஆயிரத்துச் சொச்சம் படி, இந்த முட்டியோடு. துளசிமணிக்கு நன்றி மாதிரி ஒன்று வாய் வரைக்கும் வந்தது, அதை அங்கேயே நிறுத்தினாள். "வேண்டுதலெல்லாம் எதுக்குங்க" என்றாள், "எண்ணெய்க்கு முன்னாடி வேண்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்." வெளியே முட்டி பெல்ட்டைப் பிரித்துக் கட்டும் சத்தம். ஆழமாகத்தான் இறங்கியிருக்கிறது. நல்லது. ஆனால் கதவின் அடி இடுக்கில் தெரியும் இரண்டு கால் நிழல் அங்கேயே இருக்கிறது, போகவில்லை.

பத்து இருபத்தைந்து. தண்ணீர் இருபத்தொன்பதரை. காற்று மறுபடி அட்டையைத் தட்டுகிறது. இந்த ஊர்க் காற்று, பாலக்காட்டு மலைச்சந்தில் புகுந்து வருவது, மழையையெல்லாம் அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருவது, உதட்டை வெடிக்க வைப்பது, ஈரத்துணியை அரை மணியில் அப்பளமாக்குவது. படுக்கையறையில் மேஸ்திரிக்குப் பெட்டி வைத்து, பொள்ளாச்சியிலிருந்து தேங்காய்நார்த் தூள் வரவழைத்து நனைத்துக் கொட்டி, சுற்றிலும் ஈரப்புடவைகளைத் தொங்கவிட்டு, காற்றிலிருக்கும் ஈரத்தை அளக்கிற சின்னக் கருவி ஒன்றையும் மாட்டியிருக்கிறாள். எழுபது சதவீதமாவது இருக்க வேண்டும் என்றான் டாக்டர். முதல் நாள் முப்பத்தெட்டு காட்டியது. இப்போது அறுபத்தாறு. ராத்திரி இரண்டு முறை எழுந்து புடவையை நனைக்கிறாள், சுவரில் பூசணம் பூக்க ஆரம்பித்துவிட்டது, இவளுக்கு இருமல் வந்துவிட்டது. ஷார்ஜாவில் அப்படி ஒரு கருவி வாங்கியிருந்தால் எத்தனை காட்டியிருக்கும். இருபது. பதினெட்டு. இருபத்துநாலு மணி நேரமும் ஏசி, அணைத்தால் வெந்துபோவோம், அணைக்காவிட்டால் காய்ந்துபோவோம், காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தலைமாட்டில் இவளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். இவளுக்கு இருக்கும். கடைக்காரன், அந்த ஈரானி, சொன்னான், பாலைவனத்துச் சாமான் மேடம், தண்ணி கேக்காது, இலையில இருக்கிற தண்ணியே போதும், தண்ணி வெச்சாத்தான் சீக்கு வரும். கேட்காத ஒன்று வேண்டும் என்றுதான் இவளும் வாங்கினாள். எதையும் கேட்காத, ஊருக்கு எப்போது வருகிறாய், ஏன் பண்ணிக்கொள்ளவில்லை, உனக்குப் பிறகு யார், ஒன்றும் கேட்காத ஒன்று. ஏசிப் பெட்டிக்குக் கீழே ஒரு மூலை. குழாய் கசிந்து அந்த இடத்தில் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். மேஸ்திரி வேலை முடிந்ததும் அந்த மூலைக்குப் போய்ச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான், மணிக்கணக்கில், பள்ளிக்கூடத்தில் தண்டனை கொடுத்த பிள்ளை மாதிரி. அதைப் படம் பிடித்து, பாவம் கோபித்துக்கொண்டான் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள், எத்தனை சிரிப்பு வந்தது பதிலுக்கு. பிறகு ஆள் கூட்டி வந்து அந்தக் கசிவை அடைத்தாள். பூச்சு உதிர்கிறதென்று வீட்டு ஓனர் திட்டியிருந்தான். அடைத்த பிறகும் ஒரு மாதம் அவன் அந்தச் சுவருக்குப் போய் நின்றான்.

மேடம் இங்க பாருங்க. இனி நிறுத்த முடியாது, வரட்டும். மேடம் இங்க பாருங்க, எண்ணெயால ஒண்ணும் ஆகல, தொடச்சுட்டாப் போச்சு, புகையாலயும் இல்ல, நெஞ்சு சுத்தமா இருக்கு, இந்த மேடு இருக்குல்ல, இது ஒரு நாள்ல வந்ததில்ல, குட்டியில இருந்து காஞ்ச காத்துல வளர்ந்தா ஓடு இப்படித்தான் கோபுரம் கட்டும், வெளிய தெரியறது இது, உள்ள கிட்னி, மூத்திரப்பை எல்லாம் இதே கதைதான், பத்து வருஷ வறட்சி மேடம், யார் வளர்த்தாங்க. யார் வளர்த்தாங்க என்று கேட்டான், மேஜையில் எதையோ எழுதிக்கொண்டே, தலை நிமிராமல். "வேற ஒருத்தர்" என்று சொன்னாள். நாற்பத்தெட்டு வயதில், வெள்ளைக்கோட்டு போட்ட ஒரு பையனிடம், வேற ஒருத்தர். தம்பி வெளியே காரில் இருந்தான், கேட்கவில்லை. திரும்பும் வழியில் அவிநாசி தாண்டியதும், "டாக்டர் என்னக்கா சொன்னாரு" என்று கேட்டான், சசி ராத்திரியெல்லாம் தூங்கல, கேட்டுட்டே இருக்கறா என்றான். துளசிமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எண்ணெயெல்லாம் ஆகாதுன்னாரு" என்றாள். பொய் இல்லை. எண்ணெய் ஆகாதுதான். வார்த்தை ஒவ்வொன்றும் நிஜம். வீட்டுக்கு வந்ததும் தம்பி அதைச் சமையலறையில் சொன்னான், சசிரேகா கரண்டியை மேடையில் வைத்த சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது, அந்தச் சத்தத்துக்கு அடியில் துளசிமணி அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

பத்து முப்பத்துமூன்று. கழுத்து. கழுத்து வெளியே வருகிறது. துளசிமணி மூச்சை அடக்கினாள். சுருக்கம் சுருக்கமான தோல் ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து, நீண்டு, இவ்வளவு நீளம் இவனுக்கு இருந்ததா, தலை தண்ணீருக்குள் சாய்ந்தது, வாய் முழுக, கண் மூடி. தொண்டையில் ஒரு அசைவு. இன்னொன்று. குடிக்கிறான். பிள்ளை பால் குடிப்பதுபோலத் தொண்டை ஏறி இறங்குகிறது, எண்ணினாள், பதினேழு, பதினெட்டு, நடுவில் ஒரு முறை தலையைத் தூக்கி மூச்சு விட்டு, மறுபடி சாய்ந்து, முப்பது, முப்பத்தொன்று, பதினோரு வருஷத்துத் தாகம் முப்பத்தொன்றில் அடங்குமா, நாற்பத்திரண்டு. இவளுக்குக் கால் மரத்துப்போய்விட்டது, அசைக்கவில்லை. பிறகு அவன் பின்பக்கத்தைத் தூக்கினான், வாலை ஒதுக்கினான், தண்ணீர் கலங்கியது. முதலில் தெளிவாக, அப்புறம் பழுப்பாக, அப்புறம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டதுபோல வெள்ளை, கட்டியும் குழம்புமாக, வந்துகொண்டே இருந்தது, ஒரு உடம்புக்குள் இவ்வளவு மண்ணா. கையை விட்டு ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினாள். நறநறவென்று, கோலமாவு போல. உப்பு. நசுங்குகிறது. நசுங்கினால் கல் இல்லை, கல் இல்லையென்றால் அறுக்க வேண்டியதில்லை. அவள் ஆயிரம் தடவை பெயர் எழுதி ஒட்டிய அந்த உப்புதான், இதில் மட்டும் யார் பெயரை ஒட்டுவதென்று கேட்க வேண்டியதில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் வாய்க்குள்ளேயே பிடித்துக்கொண்டாள், ஏனென்றால் கதவின் இடுக்கில் அந்த இரண்டு நிழல் இன்னும் இருந்தது.

"ஆச்சுங்களா நங்கையா? தண்ணிச் சத்தம் கேட்டுச்சு."

சொல்லிவிடலாம். ஆச்சு கண்ணு, உள்ள வா, வந்து பார். ஆறே வார்த்தை. கதவைத் திறந்தால் சசிரேகா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து டப்பைப் பார்ப்பாள், கையெடுத்து முருகனைக் கும்பிடுவாள், கண் கலங்குவாள், அந்த நிமிஷத்திலேயே எண்ணெயெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும், மன்னித்த பிறகு இந்த வீட்டில் இவளுக்கு மிச்சம் என்ன இருக்கும். ஒரு மாடி அறை. பூசணம் பூத்த சுவர். பதின்மூன்று கோபுரம். நாலு நாளாகத்தான் இந்த வீட்டில் இவள் குரலுக்கு ஒருத்தி ஓடி வருகிறாள்.

"நான்தான் கையை அலம்பினேன்" என்றாள். "இன்னும் இல்லீங்க. சாயங்காலமும் ஒரு குண்டா வேணும்."

மேஸ்திரி இப்போது சும்மா இல்லை. பாரம் இறங்கியவன், நான்கு காலும் திடீரென்று ஞாபகம் வந்தவன்போல டப்பின் ஓரத்துக்கு வந்து, முன்னங்காலைப் பிளாஸ்டிக்கின் மேல் தூக்கி வைத்து ஏறப்பார்த்தான், நகம் சறுக்கியது, கரகர, கரகர. நாலு நாளாகக் கல்லாகக் கிடந்தது இப்படி ஒரு சத்தம் போடுமா, போடாது, கேட்பவளுக்குத் தெரிந்துவிடும். துளசிமணி இடது கையை ஓட்டின் மேல் வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது.

"கொண்டாறேனுங்" என்றாள் சசிரேகா. நிழல் நகர்ந்தது. டக், சர். முதல் படி. டக். நின்றாள்.

"அந்த டாக்டருகிட்ட நானும் பேசினேனுங். வெள்ளிக்கிழமயே. அப்பாயின்ட்மென்ட் போட்ட நம்பர் இவரு போன்லதான இருக்குது." குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல். "எண்ணெயினால ஒண்ணுமில்லீன்னாரு. அதை நங்கையாகிட்ட புதங்கெழமயே சொல்லிப்போட்டதாச் சொன்னாரு. பத்து வருசத்து வறட்சியாமா."

துளசிமணி கதவின் அடி இடுக்கைப் பார்த்தாள், அங்கே இப்போது நிழல் இல்லை.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதானுங் ஒவ்வொரு நடையும் ஏறுனேன். வெள்ளிக்கிழம சாயங்காலம் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நேத்துப் பாத்தேன். சொல்ற வரைக்கும் ஏறுறேன். இந்த முட்டிய வெச்சுட்டு வேற என்னத்தப் பண்றது. நாளைக்குக் காலைலயும் கொண்டாறேன், அடுத்த வாரமும் கொண்டாறேன், அதுக்கென்னுங்."

டக், சர். டக், சர். கீழே தம்பி ஏதோ கேட்டான், "இன்னும் இல்லீங்களாமா" என்று அவள் பதில் சொன்னது தெளிவாகக் கேட்டது. பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், அடுப்பு பற்றுகிற சத்தம். எப்போது பேசியிருப்பாள், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு, காலைத் தண்ணீருக்கு முன்னாலா பின்னாலா, அன்றைக்குச் சிரமப்படாதீங்க என்று சொன்னபோது முகம் சுருங்கியதே, அது தெரிந்த பிறகு சுருங்கிய முகமா, தெரிவதற்கு முன்னாலா. டப்பில் வெள்ளைத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அந்த இடது கை ஓட்டின் மேலேயே அழுந்தியிருந்தது, அதற்கு அடியில் மேஸ்திரி நான்கு காலாலும் தள்ளிக்கொண்டே இருந்தான்.